பாதி வாய்த் தண்ணீர்

நீச்சல் தெரியாத ரேவதியின் பொறுப்பில் ஒரு நீச்சல் குளம் வந்து சேர்ந்ததற்கு அவளுடைய மாமனார் நாராயணப்பன்தான் காரணம்.

சூளகிரிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது அவருடைய நிலத்தில் பெரும்பங்கு போய்விட்டது. மிஞ்சியது நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு துண்டும், வீடும், ஒரு போர் கிணறும்தான். அந்தத் துண்டில் தக்காளி வைத்துப் பார்த்தார். கம்பெனி லாரிகள் கிளப்பிய புழுதி செடிமேல் மாவு சலித்ததுபோல் படிந்தது. ரோஜா வைத்தார். அதுவும் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி ஆட்கள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் பக்கத்து ரிசார்ட்டுகளுக்குப் போய் வருவதை ஒரு வருடம் சாலையோரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அறிவித்தார்.

"நம்ம நெலத்துல ஒரு சிம்மிங் பூல் கட்டப் போறேன்."

மகன் குருமூர்த்தி வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பான். அன்றைக்கும் அதையே சொன்னான். மாமியார் நாகம்மா, குளத்துக்காக ஓரத்துப் புங்கமரத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது என்றாள். ரேவதியை யாரும் எதுவும் கேட்கவில்லை. குளம் கட்டி முடிந்த பிறகுதான் கேட்டார்கள். அதுவும் கேள்வியாக இல்லை.

"நீ வூட்லதானம்மா இருக்க. ஒரு கண்ணு பாத்துக்க" என்றார் நாராயணப்பன்.

ரேவதி கெலமங்கலத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். அவள் பிறந்த வீட்டில் பேசுவது கன்னடம், வந்த வீட்டில் தெலுங்கு. இரண்டு பக்கமும் சரளமாகச் சண்டை போடுவதற்குப் பொதுவாக இருந்தது தமிழ்தான். அந்தக் குளம் வந்தபிறகு அந்த வீட்டில் தமிழ் நன்றாக வளர்ந்தது.

குளத்தைக் கட்டிய காண்டிராக்டர் கடைசி நாளன்று அவசரத்தில் இருந்தார். மோட்டார் அறைக்குள் நின்று கன்னடமும் தமிழும் கலந்து கடகடவென்று ஒப்பித்தார். இது ஃபில்டர், இது மெயின் வால்வு, கிழக்குச் சுவரில் இருக்கும் இரண்டு ஓட்டையும் ஸ்கிம்மர், அது மேல்தண்ணியை இழுக்கும், இது குளத்தின் அடியில் இருந்து இழுக்கும் குழாய், புரிந்ததா? நாராயணப்பன் ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி" என்று தலையாட்டினார். வண்டி கிளம்பிப் போன பிறகு ரேவதி, "மாமா, ஸ்கிம்மர்னா என்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"அது ஒரு ஓட்டம்மா. எல்லாப் பூல்லயும் வைப்பாங்க."

அவ்வளவுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

பொங்கல் கழிந்து குளம் திறந்தது. முதல் வாரம் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து ரேவதியின் காலைப்பொழுது போயிற்று. புங்கமரம் பூ உதிர்க்கிற மரம். இலை உதிர்க்கிற மரம். காய்ந்த காயையும் உதிர்க்கிற மரம். எல்லாம் தண்ணீர்மேல் வந்து படுத்துக்கொள்ளும். அதற்கு மேல் சாலைப் புழுதி. மழை பெய்தால் ஈசல். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை வீட்டில் பாதியும் இங்கே மீதியும் முடிக்கலாம் என்று வருகிறவர்களின் தலையில் இருந்து இறங்கும் எண்ணெய். சாயங்காலம் வெயில் சாயும்போது பார்த்தால் தண்ணீரின்மேல் ரசத்தில் மிதக்கும் எண்ணெய்போல ஒரு வண்ணப்படலம் மினுமினுக்கும். நீண்ட கம்பில் கட்டிய வலையை வைத்துக்கொண்டு ரேவதி குளத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். இலை வலையில் வரும். எண்ணெயும் புழுதியும் வலைக்கண்ணில் ஒழுகி மறுபடியும் தண்ணீருக்கே போகும். இந்தப் பக்கம் வாரினால் அந்தப் பக்கம் சேரும்.

இது போதாதென்று வெள்ளிக்கிழமைகளில் நாகம்மா வருவாள். இவ்வளவு தண்ணீர் நிற்கிற இடத்தில் கங்கம்மா இல்லாமல் இருப்பாளா என்பது அவள் கட்சி. மஞ்சள் குங்குமம் தூவி, வெற்றிலையில் சூடம் ஏற்றி மிதக்கவிட்டு, கை நிறைய சாமந்தியை இறைத்துவிட்டுப் போவாள்.

"அத்தை, இப்பத்தான் வாரி முடிச்சேன்."

"சாமி பூவம்மா அது. குப்பையா?"

கண் எரிகிறது என்று வந்தவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். மருந்து பத்தவில்லை என்று நாராயணப்பன் குளோரினைக் கூட்டினார். எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று. வியர்வையும் எண்ணெயும் தண்ணீர்மேல் கிடந்து குளோரினைத் தின்றுகொண்டிருக்கும்போது மேலும் மேலும் கொட்டினால் அந்தக் கலவைதான் கண்ணைக் கடிக்கும். இதெல்லாம் ரேவதிக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அவள் தோள் வலிக்கிறது, குளம் சுத்தமாகவில்லை, மாமனார் தினமும் காலையில் வந்து "என்னாம்மா, தண்ணி ஒரு மாதிரி கீது?" என்று கேட்கிறார் என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் நேராகப் போய் போர் மோட்டாரைப் போடுவார். குளம் விளிம்புவரை நிறைந்து, ஓரத்துக் கல்லில் தளும்பி வழிந்தால்தான் அவருக்குத் திருப்தி. வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்காக அலைந்த மனிதர். பாத்தி நிறைய வேண்டும், தொட்டி நிறைய வேண்டும். குளம் மட்டும் என்ன குறைச்சல்?

ஆடிக்காற்று ஆரம்பித்த நேரத்தில் போர் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனது. பழுதுபார்க்க ஓசூருக்குப் போன மோட்டார் வருவதற்கு நாளாயிற்று. நாராயணப்பன் பரிதவித்தார். வெயிலிலும் பிள்ளைகள் குதித்துச் சிதறியதிலும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கிழக்குச் சுவரில் எப்போதும் முழுக முழுகக் கிடந்த இரண்டு ஓட்டைகளின் மேல்பாதி வெளியே தெரிய ஆரம்பித்தது.

ஒரு மத்தியான நேரம். குளத்தில் யாரும் இல்லை. ரேவதி வலையைக் கீழே போட்டுவிட்டுச் சலிப்போடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மேற்கேயிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. குளத்தின் நடுவே கிடந்த புங்கம்பூக்கள் தாமாக நகர்வதைப் பார்த்தாள். முதலில் காற்று தள்ளுகிறது என்று நினைத்தாள். கிழக்குச் சுவரை நெருங்கியதும் அவை சுவரில் மோதி நிற்கவில்லை. திரும்பி, வரிசையாக, வேகம் பிடித்து அந்த ஓட்டையின் வாய்க்குள் போயின. வாயில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பலகை, கீழே கீல் வைத்தது, தண்ணீரில் மிதந்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே போகும்போது அது சாய்ந்து, மேலே ஒரு விரல் கனத் தண்ணீரை மட்டும் விட்டது. அந்த ஒரு விரல் கனத்தில்தான் பூவும் புழுதியும் எண்ணெயும் இருந்தன.

அவள் எழுந்து போய் ஓரத்தில் இருந்த வட்ட மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு கூடை. அது நிறைய இலை, பூ, செத்த ஈசல், யாருடையதோ ஒரு ரப்பர் பேண்டு. கூடைக்கு அடியில் தண்ணீர் சுழன்று குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் அறையின் பம்பு இழுக்கிறது, ஃபில்டருக்குப் போகிறது, சுத்தமாகித் திரும்ப வருகிறது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தபோது குளத்தின்மேல் வானம் தெரிந்தது.

ரேவதிக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். இத்தனை மாதம் வலையைப் பிடித்துக்கொண்டு அவள் சுற்றிச் சுற்றி வந்த வேலையைச் செய்ய அந்தச் சுவரில் இரண்டு வாய்கள் காத்திருந்திருக்கின்றன. தினமும் காலையில் அவற்றைத் தண்ணீருக்குள் மூழ்கடித்தது மாமனார். முழுதும் மூழ்கினால் அந்தப் பலகைக்கு வேலையில்லை. அடியில் இருக்கும் சுத்தமான தண்ணீரைத்தான் வாய் விழுங்கும். மேலே மிதக்கிற அழுக்கு மேலேயே கிடக்கும்.

அவரைக் கையோடு கூட்டிவந்து காட்டினாள்.

"பாருங்க மாமா. தண்ணி இந்த வாய்க்குப் பாதில நிக்கணும். அப்பத்தான் மேல இருக்கறது உள்ள போவுது."

நாராயணப்பன் குனிந்து பார்த்தார். பூ உள்ளே போவதைப் பார்த்தார். பலகை தலையாட்டுவதையும் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா கீது. ஆனா பூலு காலியா கீதே."

"காலி இல்ல மாமா. நாலு விரக்கட கம்மி, அவ்வளவுதான்."

"காசு குடுத்து வர்றவன் என்னா நெனைப்பான்? தண்ணி ஊத்தறதுக்குக் கூட வக்கில்லன்னு நெனைக்க மாட்டான்?"

பழுது பார்த்த மோட்டார் வந்த அன்றே அவர் குளத்தை விளிம்புவரை நிரப்பினார். ரேவதி வடிகால் வால்வைத் திறந்து இறக்கினாள். மறுநாள் அவர் நிரப்பினார். அவள் இறக்கினாள். டைல்மேல் சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு கோடு போட்டு, இதற்குமேல் போகக்கூடாது என்றாள். கோடு தண்ணீருக்குள்ளிருந்து அழகாகத் தெரிந்தது. குருமூர்த்தியிடம் சொன்னாள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவன் போர்வைக்குள்ளிருந்தே, "அப்பாகிட்ட நான் பேசறேன், பாத்துக்கலாம்" என்றான்.

ஒருநாள் ஸ்கிம்மர் ஒன்றில் பலகையே இல்லை. குளம் முழுக்கத் தேடினாள். கூடையைத் தூக்கிப் பார்த்தாள். மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் கூடையில் சேர்ந்த குப்பை திரும்பிக் குளத்துக்கே வந்துகொண்டிருந்தது. அது திரும்பி வராமல் தடுப்பதும் அந்தப் பலகையின் வேலைதான் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. கடைசியில் கோழிக்கூண்டின் அருகே பார்த்தாள். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டிமேல், குஞ்சுகள் உள்ளே விழாமல் இருக்க, யாரோ அதைப் பாதி மூடி வைத்திருந்தார்கள்.

"நான்தான் கழட்டனேன்" என்றார் நாராயணப்பன், ஒளிக்காமல். "கதவப் போட்டு அடைச்சி வச்சா தண்ணி எப்பிடிம்மா உள்ள போவும்? நீதான தண்ணி போவணும்னு சொன்ன?"

ரேவதி அதைச் சட்டிமேலிருந்து எடுத்தாள். பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பொருத்தத் தெரியாமல் சாயங்காலம்வரை போராடி, கடைசியில் பொருத்தினாள். நாகம்மா அடுப்படியிலிருந்து, "அந்த ஓட்டையோட என்னாத்துக்கு இவ்ளோ ரோதன?" என்றாள். கோழிக்கு வேறு மூடி தேட வேண்டியிருந்ததில் அவளுக்கும் எரிச்சல்.

அடுத்த வருடம் கோடை முன்னதாகவே வந்தது. சுற்றுவட்டாரத்தில் புதிதாக எத்தனையோ போர் போட்டிருந்தார்கள். நாராயணப்பனின் போர் சிறிது நேரம் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காற்று விட்டது. விளிம்புவரை நிரப்பிய மனிதருக்கு இப்போது பாதி வாய்வரை நிரப்பவே தண்ணீர் இல்லை. போன வருடம் அவரோடு நான்கு விரல்கடைக்காகச் சண்டை போட்ட ரேவதி இப்போது அதே நான்கு விரல்கடைக்காகக் கெஞ்சினாள்.

"டேங்கர் சொல்லுங்க மாமா. வாய்க்குக் கீழ தண்ணி எறங்கிடிச்சின்னா காத்து இழுக்கும்."

"பாக்கலாம்மா. மழை வர்ற மாதிரி கீது."

மழை வரவில்லை. தண்ணீர் ஸ்கிம்மர் வாயின் அடிவிளிம்புக்கு இறங்கியது. பலகை வறண்டுபோய் ஒருக்களித்துக் கிடந்தது. வாய்கள் காற்றை உறிஞ்சின. யாரோ டீயை உறிஞ்சிக் குடிப்பதுபோல ஒரு சத்தம். மோட்டார் அறையில் பம்பு உறுமியது, குழாய்கள் ஆடின. தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்தால் பம்பு போய்விடும் என்று பயந்து ரேவதி அதை அடிக்கடி நிறுத்தினாள். நிறுத்தினால் தண்ணீர் பச்சை கட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தம் நின்றிருந்தது. பம்பு அமைதியாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. டேங்கர் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை. ரேவதி மோட்டார் அறைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாள். அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. உடை மாற்றும் அறைக்குச் சாவி, குழந்தைக்கு மிதவை, தலைக்குத் தொப்பி போட மாட்டேன் என்று ஒரு தகராறு. தொப்பி போடச் சொல்லி அவள் எழுதி ஒட்டியிருந்த தாளின்மேல் மாமனார் ஐஸ்கிரீம் விளம்பரத்தை ஒட்டியிருந்தார்.

அன்றைக்கு வந்தவர்களில் ரஞ்சிதாவின் குடும்பமும் ஒன்று. விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள். புருஷன் கமலக்கண்ணன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. மாதம் ஒருமுறையாவது வந்துவிடுவார்கள். மகள் தர்ஷினி ஐந்தாவது படிக்கிறாள். தரையைத் தொட்டு எழும்பும் அளவுக்கு நீச்சல் தெரியும். இடுப்புவரை முடி. அதைத் தண்ணீருக்குள் விரித்துவிட்டு மேலும் கீழும் போய் வருவதில் அவளுக்கு ஒரு குஷி.

ரேவதி மிதவைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ரஞ்சிதாவின் குரல் கேட்டது. முதலில் கூப்பிடுகிற குரலாக இருந்தது. "ஏட்டி, போதும், மேல வா." அடுத்த நொடி அது வேறு குரலாகிவிட்டது.

"ஏங்க! புள்ள எந்திரிக்கலைங்க! ஏங்க!"

கமலக்கண்ணன் முங்கினான். தண்ணீருக்கு அடியில், குளத்தின் ஆழமான இடத்தில், தர்ஷினி கை கால்களை உதைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைக் கட்டிப்பிடித்து மேலே இழுத்தான். உடம்பு வந்தது, தலை வரவில்லை. முடி மொத்தமும் அடியில் இருந்த வடிகால் சல்லடைக்குள் போயிருந்தது. இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது. அவன் மூச்சு வாங்க மேலே வந்து, "பிடிச்சிருக்கு! தலையப் பிடிச்சு இழுக்குது!" என்று அலறிவிட்டு மறுபடியும் முங்கினான். இன்னும் இரண்டு பேர் குதித்தார்கள்.

ரேவதிக்கு நீச்சல் தெரியாது. அந்த நேரத்தில் தண்ணீருக்குள் அவள் இன்னொரு பாரம். ஆனால் 'இழுக்குது' என்ற சொல் அவள் காதில் விழுந்தது. அந்தக் குளத்தில் இழுக்கிறது என்றால் அது ஒன்றுதான். கையில் இருந்த மிதவைகளைப் போட்டுவிட்டு மோட்டார் அறைக்கு ஓடினாள். ஈரத் தரையில் வழுக்கி முட்டி கிழிந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. மெயின் ஸ்விட்சை இரண்டு கையாலும் கீழே இழுத்தாள். பம்பின் சத்தம் தேய்ந்து அடங்கியது.

வெளியே ஓடிவந்தபோது கமலக்கண்ணன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தான். பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கல்மேல் கவிழ்த்துப் போட்டதும் தண்ணீராகக் கக்கினாள். இருமினாள். பிறகு "அம்மா" என்று பெரிதாக அழ ஆரம்பித்தாள். அங்கே நின்றவர்களுக்கு அந்த அழுகையைக் கேட்டுத்தான் உயிர் வந்தது.

யாரோ காரை எடுத்தார்கள். பிள்ளையை ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது ரஞ்சிதா ரேவதியின் எதிரே நின்றாள். கத்தவில்லை.

"நீங்க பாத்துக்கிடுவீகன்னுதான அக்கா ஒவ்வொரு வாட்டியும் இங்கன கூட்டியாரோம்?"

ரேவதி கார்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

கூட்டம் கலைந்ததும் அவள் மறுபடியும் மோட்டார் அறைக்குப் போனாள். இரண்டு ஸ்கிம்மர் குழாய்களின் வால்வுகளும் இறுக்கி மூடியிருந்தன. குளத்தின் அடியிலிருந்து இழுக்கும் குழாயின் வால்வு முழுக்கத் திறந்திருந்தது. காலையில் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். மூன்று வாய் வழியாகப் பிரிந்து போக வேண்டிய இழுப்பு மொத்தமும் அந்த ஒரு சல்லடைக்கு வந்திருந்தது. சல்லடையும் ஒரு பக்கம் உடைந்து தூக்கிக்கொண்டிருந்ததைத் தண்ணீரின் பச்சையில் யாரும் கவனிக்கவில்லை.

நாராயணப்பன் அறை வாசலில் வந்து நின்றார்.

"மேல காத்து இழுக்குதுன்னு சொன்ன. அதான் மேல மூடிட்டேன். கீழதான் தண்ணி கீதே, அங்கேர்ந்து இழுக்கட்டும்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நான் என்னாத்தம்மா கண்டேன்? சத்தம் நின்னுது. சரியாப் போச்சின்னு நெனச்சேன்."

அவள் அந்த மனிதரைத் திட்ட எத்தனையோ சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் வால்வைப் பார்த்து ஒரு எட்டு வைத்துவிட்டு, மறுபடியும் வாசலுக்கே பின்வாங்கினார். அதைப் பார்த்ததும் ஆத்திரம் போகவில்லை. ஆனால் கத்தவும் முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் வாசல் கேட்டைப் பூட்டி, சாவியைத் தன் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் குருமூர்த்தி வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு வாயைத் திறந்தான்.

"பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள் ரேவதி.

அவன் வாயை மூடிக்கொண்டான். மறுநாள் லீவு போட்டான். இரண்டு பேரும் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தர்ஷினி தேறியிருந்தாள். தலையில் ஒரு பக்கம் முடி பிய்ந்து தோல் சிவந்திருந்தது. கமலக்கண்ணன் அவர்களைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டான். ரஞ்சிதா பழத்தை வாங்கிக் கட்டிலடியில் வைத்தாள். "போலீசு அது இதுன்னு நாங்க போகல. ஆனா அடுத்தவுக பிள்ளைக்கு இப்படி ஆச்சுன்னா அதுக்கு நாங்களுந்தான் பொறுப்பு. அதச் சரி பண்ணாம தொறக்காதீக" என்றாள்.

ரேவதி சரி பண்ணித்தான் திறந்தாள். அதற்குக் கோடை முழுதும் போயிற்று. குருமூர்த்தி ஓசூரிலிருந்து நீச்சல் குள வேலை தெரிந்த ஒரு ஃபிட்டரைக் கூட்டிவந்தான். தண்ணீரை இறைத்து அடியை உடைத்தார்கள். ஒரு வடிகால் இருந்த இடத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு வைத்தார்கள். ஒன்றை எது அடைத்தாலும் மற்றது வழியாகத் தண்ணீர் போகும். முடி சிக்காத குமிழ் மூடி வந்தது. மோட்டாரை நிறுத்தக் குளத்தின் ஓரத்திலேயே ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தார்கள். அடியில் இருக்கும் குழாயின் வால்வை ஒரு அளவுக்குமேல் திருப்ப முடியாதபடி ஃபிட்டர் ஒரு சங்கிலி போட்டார்.

"ஸ்கிம்மர் ஓடிக்கிட்டு இருந்தாலே அடியில இழுப்பு பாதிக்கு மேல கொறஞ்சிடும்க்கா" என்றார் அவர். "சுத்தம் பண்றதுக்குன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. அது மேல இழுக்கறதால அடியில இருக்கறவன் பொழைக்கறான். அதக் காத்து குடிக்க விட்டீங்கன்னா எல்லாம் கெட்டுப்போவும்."

இதை அவர் நாராயணப்பனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். அதுதான் தப்பாகப் போயிற்று.

அந்தக் கோடையில் யாரோடும் பேசாமல் கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்த மனிதர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். குளம் திறந்த நாளிலிருந்து ஸ்கிம்மரே அவருடைய தெய்வம். காலையில் பல் விளக்கும் முன்னால் வந்து வாயில் தண்ணீர் பாதியில் நிற்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார். ரேவதி பார்த்துவிட்டேன் என்றாலும் பார்ப்பார். டேங்கர்காரனுக்கு அவரே போன் போடுவார். வேண்டாத நேரத்திலும் போடுவார். பிள்ளைகள் குதித்தால் தண்ணீர் வெளியே சிதறுகிறது, மட்டம் இறங்குகிறது என்று குச்சியை எடுத்துக்கொண்டு வருவார். நீச்சல் குளத்தில் குதிக்காதே என்றால் பிள்ளைகள் வேறு என்ன செய்யும்? எண்ணெய்த் தலையோடு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி முகர்ந்து பார்ப்பார். இரண்டு குடும்பங்கள் அதற்கே திரும்பிப் போயின. வெள்ளிக்கிழமை நாகம்மா பூக்கூடையோடு வந்தபோது அவர் வழியை மறித்து நின்றார். அன்றைக்கு நடந்த சண்டை சுத்தத் தெலுங்கில் நடந்தது. சூளகிரிச் சந்தைவரை கேட்டிருக்கும்.

"அவரக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க" என்று ரேவதி குருமூர்த்தியிடம் சொன்னாள். "முன்னாடி தெரியாம உயிர எடுத்தாரு. இப்ப தெரிஞ்சி எடுக்கறாரு."

குருமூர்த்தி எதையோ சொல்ல வந்து, நினைவு வந்தவனாக நிறுத்திக்கொண்டு சிரித்தான்.

ரஞ்சிதா குடும்பம் அந்தக் குளத்துக்குத் திரும்பி வரவில்லை. வர மாட்டார்கள் என்று ரேவதிக்குத் தெரியும். வாரக்கடைசியில் கூட்டம் நிறையும்போது, அடியில் முங்கி விளையாடும் பிள்ளைகளின் தலைகளை அவள் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது மேலே வர ஒரு மூச்சு தாமதித்தால் அவள் கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விடும். இதனால் பம்பு காரணமில்லாமல் எத்தனையோ முறை நின்றிருக்கிறது. அதற்காக யாராவது முணுமுணுத்தால் அவள் கேட்டுக்கொள்வதில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பகலில் அவளுடைய போன் அடித்தது.

"அக்கா, நான் ரஞ்சிதா பேசறேன்."

ரேவதி கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள். "பாப்பா எப்பிடி இருக்கு?" என்றாள்.

"நல்லாருக்கா. முடிய கட்டையா வெட்டிட்டோம். தண்ணியக் கண்டாப் பயந்துக்கிட்டே கெடந்தா. இப்பத் தானாக் கேக்கா, நீச்சலுக்குப் போணும்னு. இங்கன ஓசூருக்குள்ள ஒரு எடம் இருக்கு. சேக்கலாம்னு பாக்கோம். அதான்..." ரஞ்சிதா கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு வேற யாரக் கேக்கன்னு தெரியல. அங்க போனா எதப் பாக்கணும்க்கா?"

ரேவதி குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"மொதல்ல தண்ணிக்கு மேல பாருங்க" என்றாள். "சுவத்துல சின்னச் சின்ன சன்னல் மாதிரி வாய் இருக்கும். தண்ணி அந்த வாய்க்குப் பாதில நிக்குதா பாருங்க. ஒரு எலையக் கிள்ளிப் போடுங்க. அது அந்தப் பக்கம் போனா சரி. அங்கயே நின்னுதுன்னா, இல்ல உறிஞ்சற சத்தம் கேட்டுதுன்னா, பாப்பாவ எறக்காதீங்க. அப்பறம் அடியில இருக்கற மூடி. அது ஒண்ணா ரெண்டான்னு கேளுங்க. ஒண்ணுன்னா வேணாம், வந்துடுங்க. மோட்டார நிறுத்தற ஸ்விட்ச் எங்கன்னு கேளுங்க. சொல்ல யோசிச்சாங்கன்னாலும் வந்துடுங்க."

"கோவிச்சுக்கிட மாட்டாகளா?"

"கோவிச்சிக்கட்டும்."

மறுமுனையில் ரஞ்சிதா சின்னதாகச் சிரித்ததுபோல் இருந்தது. அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் ரேவதியின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"யாரும்மா, ஸ்கிம்மரப் பத்தியா கேக்கறாங்க? குடு, நான் சொல்றேன்."

"மாமா, நான் சொல்லிட்டேன்."

"நீ பாதிதான் சொன்ன. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கச் சொன்னியா? இல்லல்ல? குடு."

போன் அவர் கைக்குப் போயிற்று. "கேளும்மா" என்று ஆரம்பித்து, மறுமுனையில் கேட்ட குரல் யாருடையது என்பது உறைத்ததும் நின்றார். எதிர்முனையில் ரஞ்சிதா, "சொல்லுங்க தாத்தா" என்பது ரேவதிக்கே கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிக மெதுவாக, காற்று அடிக்கிற திசையையும் அதற்கு எதிர்ச்சுவரையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பலகை எதற்கு என்று சொன்னார். கூடையை எப்போது கொட்ட வேண்டும் என்று சொன்னார். அதில் பாதி தப்பு. ரேவதி திருத்த வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி அடக்கினார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். மழையில் வந்த இலையெல்லாம் சேர்ந்து கிழக்குப் பக்கத்துக் கூடை நிறைந்திருக்கும். மூடியைத் திறந்தாள். ஈர இலைகளுக்கு நடுவில் ஒரு தேரை உட்கார்ந்து அவளைப் பார்த்தது. கூடையோடு தூக்கிக்கொண்டு போய், வேலிக்கு அந்தப் பக்கம் அதைக் கவிழ்த்துவிட்டாள்.